பூஜையில் வைத்த துப்பாக்கி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கச்சி. பூஜை அவள் பொறுப்பு. அவள் சொன்னால் சொன்னதுதான்.

தங்கச்சியின் வீட்டுக்காரர். நான் மாப்பிள்ளை என்பேன். கம்ப்யூட்டர் வேலை. நிறையப் படித்தவர். நிறையப் பேசுவார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் பெண். இங்கேயே பிறந்தவள். காலேஜ். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும்.

எதிர் வீட்டு டாக்டர். பல் டாக்டர். காயல்பட்டினத்துக்காரர். என்னைக் காக்கா என்று கூப்பிடுவார். அவர் ஊரில் அண்ணனுக்கு அதுதான் பேர். பொரிகடலை வாங்கிக்கொண்டு போக வந்தவர். போகவில்லை.

நான். எட்டாவது வரை படித்தேன். அம்பத்தூரில் லேத்தில் நின்றேன். தங்கச்சி பேப்பர் போட்டாள், பல வருஷம் கழித்து கிரீன் கார்டு வந்தது, இங்கே வந்தேன். இங்கேயும் லேத்தில்தான் நிற்கிறேன். ஊர் பேர் மட்டும் ரிச்சர்ட்சன், டல்லாஸ் பக்கம்.

கடைசியாக ஒரு துப்பாக்கி. சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ எல்லாம் வைத்துக்கொண்டு அதுவும் ஓர் ஆள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தது.

துப்பாக்கி எங்களுடையது இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுடையது. வெள்ளைக்கார அம்மா, எழுபது தாண்டியவர். அவர் வீட்டுக்காரர் அந்த வருஷம்தான் இறந்திருந்தார். அந்தப் பெரியவரும் மாப்பிள்ளையும் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று மணிக்கணக்கில் பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு பேரும் பேசுவார்கள். கேட்கிறவர் யார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

பெரியவரின் அப்பா சண்டைக்குப் போனபோது ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது அந்தத் துப்பாக்கி. பெரியவர் போன பிறகு அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "நீங்கள் இதைப் பற்றித் தெரிந்தவர். துடைத்து வையுங்கள். என் மகன் வந்து எடுத்துக்கொள்வான்" என்றாராம். மகன் ஓக்லஹோமாவில் இருக்கிறார். முன்பின் தெரியாத ஆளிடம் தாத்தாவின் துப்பாக்கியைக் கொடுப்பதா என்று போனில் சத்தம் போட்டாராம். அந்த அம்மா சொன்ன பதில்: "அவர் உன்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்."

இதை மாப்பிள்ளை எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கு இல்லை. கோயிலில் சொன்னார். ஒரு கல்யாண வரவேற்பில் சொன்னார். இந்தியன் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதுகூட, தெரியாத ஒருத்தரிடம் சொன்னார்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது. ஒரு மாதம் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். சொந்தப் பெண்ணின் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் வைத்தது கிடையாது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் சனிக்கிழமை. எல்லாருக்கும் லீவு.

எங்கள் வீட்டில் எல்லாம் பூஜைக்கு வரும். மாப்பிள்ளையின் லேப்டாப். தங்கச்சியின் தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை. என் டூல் பாக்ஸ் அப்படியே வரும், ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், அளவெடுக்கிற வெர்னியர் எல்லாம் உள்ளே. பெண் தன் காலேஜ் புத்தகம் அத்தனையும் கொண்டுவந்து அடுக்குவாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது அல்லவா. பக்தியில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

மாப்பிள்ளை அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"என்னங்க இது?" என்றாள் தங்கச்சி.

"ஆயுத பூஜைம்மா. இத்தன வருஷமா மிக்ஸிய வெச்சிட்டு ஆயுத பூஜைன்னு சொல்லிட்டிருந்தோம். இந்த வருஷம்தான் நெஜ ஆயுதம் வந்திருக்கு."

தங்கச்சி யோசித்தாள். மறுத்துச் சொல்ல இடமில்லை. "சரி, பொட்டு வைங்க" என்றாள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போதைய துப்பாக்கி மாதிரி இருக்காது. கைப்பிடி துடைப்பக்கட்டையின் நுனி மாதிரி உருண்டையாக இருக்கும். குண்டு போடுகிற பெட்டி கைப்பிடிக்குள் இல்லை. விசைக்கு முன்னால் தனியாகத் தொங்கும். மேலே வாய் திறக்கும், அது வழியாகக் குண்டுகளை வரிசையாக அழுத்தி இறக்க வேண்டும். குண்டு தீர்ந்தால் மேலே இருக்கிற இரும்புக்கட்டை பின்னால் போய் அப்படியே நிற்கும். வாய் திறந்தபடி இருக்கும். பெட்டித் தகட்டை விரலால் அமுக்கிக்கொண்டு விட்டால்தான் மூடும்.

மாப்பிள்ளை அதை வாய் திறந்த நிலையில்தான் வைத்தார். அழகாக இருக்கிறதாம். ரோஸ் வாட்டரில் குழைத்த சந்தனத்தை அள்ளி மூன்று இடத்தில் அப்பினார். ஒரு இடம், அந்த இரும்புக்கட்டை ஓடுகிற பாதை. தங்கச்சி நைவேத்தியம் முடிந்ததும் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் கலந்ததை ஒரு கை எடுத்து எல்லா ஆயுதத்தின் மேலும் தூவினாள். லேப்டாப் மூடியிருந்தது. தையல் மெஷினுக்கு உறை இருந்தது. வாயைத் திறந்து வைத்திருந்தது ஒன்றுதான்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒன்றும் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். பொரிகடலைப் பொட்டலம் கையில் வாங்கினார். மாப்பிள்ளை துப்பாக்கியைக் காட்டினார். டாக்டர் ஏற்கெனவே நான்கு தடவை பார்த்திருக்கிறார். இது ஐந்தாவது.

"பத்து ரவுண்டு டாக்டர். அந்தக் காலத்து ரிவால்வர்ல ஆறுதான். இதுல பத்து. யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சிட்டுத்தான் இருக்கேன் சார். போன வாரத்துலேருந்து."

அப்போது போன் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா. மகன் வேலை விஷயமாக டல்லாஸ் வந்திருக்கிறாராம். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டு ராத்திரியே திரும்புகிறார். துப்பாக்கியை இன்றைக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டார். மாப்பிள்ளை, கண்டிப்பாக, ரெடியாக இருக்கிறது என்றார்.

போனை வைத்துவிட்டு அவர் நேராகப் போய்ப் பூவை எடுத்தார், துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அதற்கு ஒரு மரப்பெட்டி உண்டு. வாய் மூடினால்தான் பெட்டிக்குள் போகும். கட்டையைக் கொஞ்சம் இழுத்து விட்டார்.

நறநறவென்று ஒரு சத்தம். கட்டை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

மாப்பிள்ளை பேசவில்லை. அதனால்தான் விஷயம் பெரியது என்று எனக்குப் புரிந்தது.

"அப்பா, டிட் யூ ஜஸ்ட் பிரேக் இட்?" என்றாள் பெண்.

"பிரேக் ஆகல. ஸ்டக் ஆயிருக்கு."

"அதே சத்தம் நம்ம மிக்ஸியில வந்தப்ப புது மிக்ஸி வாங்கினோம்" என்றாள் தங்கச்சி.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மச்சான், அந்தம்மா அவங்க பையன்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"அவரு உன்னைவிட நல்லா..."

"தெரியும் மாப்பிள்ளை."

"இப்ப இதை இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தா, அந்தம்மாவுக்குப் பையன் முன்னாடி என்ன மரியாதை? எனக்கு விடுங்க. அவங்களுக்கு?"

அதுதான் விஷயம். நான் கையை நீட்டினேன். கொடுத்தார்.

முதலில் அதை யாரும் இல்லாத பக்கம் திருப்பினேன். கராஜ் கதவோரம் சோனா மசூரி மூட்டை இரண்டு அடுக்கியிருந்தது. அதைப் பார்த்து வைத்தேன்.

"காலிதான் மச்சான். நான் அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

"அன்னைக்கு அடுப்புல கேஸ் மூடினேன்னு இன்னைக்குப் பாக்காம விடுவீங்களா?"

எல்லாரையும் என் முதுகுப் பக்கம் வரச் சொன்னேன். டார்ச் அடித்துத் திறந்திருந்த பாதி வாயில் பார்த்தேன். குழலில் குண்டு இல்லை. பெட்டியில் குண்டு இல்லை. கடலை இருந்தது.

"என்ன மச்சான்?"

"லோடு ஆகியிருக்கு. பொட்டுக்கடலை."

டாக்டர் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க டாக்டர்."

"சிரிக்கல சார். இருமல்."

டூல் பாக்ஸை எடுக்கப் போனேன். தங்கச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணிட்டுத்தான்."

"ஒரு ஸ்க்ரூ டிரைவர்."

"ஒரு ஊசிகூட எடுக்கக் கூடாது."

"அப்போ இந்தத் துப்பாக்கிய மட்டும் எப்படிம்மா எடுத்தோம்?" என்று மாப்பிள்ளை கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. கெட்டிக்காரத்தனம் எப்போதும் தப்பான நேரத்தில்தான் அவருக்கு வரும்.

தங்கச்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தீர்ப்பு சொன்னாள். "அது அவங்க சாமான். நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வந்தது. விருந்தாளி கிளம்பறேன்னா தடுக்கக் கூடாது. நம்ம சாமான் அசையாது."

நான் டூல் பாக்ஸ் பக்கம் போகவில்லை. இருபது வருஷப் பிரிவுக்கு அப்புறம் அவள் வீட்டில் சோறு சாப்பிடுகிறேன். அதுவும் ஒரு காரணம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அது இன்னொரு காரணம்.

மாப்பிள்ளையின் துப்பாக்கி துடைக்கிற பிரஷ், எண்ணெய், எல்லாம் பூஜையில். என் டூல் பாக்ஸ் பூஜையில். கிச்சன் கத்தி பூஜையில். நகவெட்டிகூட பூஜையில் இருந்தது. பெண் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை.

"காக்கா," என்றார் டாக்டர். "என் டூல்ஸ் பூஜையில இல்லையே."

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"எங்க வீட்ல ஆயுத பூஜை கிடையாது. கிளினிக் பத்து நிமிஷ டிரைவ். குத்திப் பாக்கற புரோப் இருக்கு, சுரண்டற ஸ்கேலர் இருக்கு, கண்ணாடி இருக்கு. பல்லுல ஒட்டின டார்டார் எடுக்கறதுதானே என் பொழப்பு. சந்தனம் என்ன பெரிய விஷயம்?"

தங்கச்சியைப் பார்த்தேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "டாக்டர் சாமானுக்கு நான் என்ன சொல்றது? தாராளமா" என்றாள். "டாக்டர், திரும்பி வந்து டீ குடிச்சிட்டுத்தான் போகணும்."

டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வருவதற்குள் இவர்கள் மூவரும் ஒரு பந்தயம் வைத்தார்கள். துப்பாக்கியைப் பிரிக்க எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டும் என்று. பெண் பதினெட்டு என்றாள். தங்கச்சி பன்னிரண்டு, மிக்ஸி கணக்கு. மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"ஆன்சர் தெரிஞ்சவங்க ஆடக் கூடாது" என்று பெண் தடுத்தாள். தமிழில் சொன்னாள். கோபம் போல.

நான் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு ஸ்க்ரூ. வேறு எங்கும் ஸ்க்ரூ இல்லை. ஆணி இல்லை. ஒன்றுக்குள் ஒன்று பூட்டி, அடுத்தது அதைப் பூட்டி, கடைசியில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் எல்லாம் விடும். லேத்தில் இத்தனை வருஷம் நின்றவன் சொல்கிறேன், அந்த மாதிரி வேலை நான் பார்த்தது இல்லை. அந்தக் காலத்து மெஷினில், கையால் அளந்து செய்திருக்கிறார்கள்.

"யார் பண்ணது மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

அதற்காகத்தான் காத்திருந்தார்.

"மூணு அண்ணன் தம்பிங்க மச்சான். ஃபேக்டரில வேலை பாத்தவங்க. ஓனருக்குத் தெரியாம, வேலை நேரம் போக மிச்ச நேரத்துல டிசைன் பண்ணாங்கன்னு சொல்லுவாங்க. ஓனர் மொதல்ல கோபப்பட்டாராம். அப்புறம் பாத்தார், நல்லாயிருக்கு. பேட்டன்ட் எடுத்தார்."

"அண்ணன் தம்பி பேர்லயா?"

"ஓனர் பேர்ல."

"உங்க ஆபீஸ் மாதிரிதான்" என்றாள் தங்கச்சி.

மாப்பிள்ளை அதற்கு நிற்கவில்லை. தொடர்ந்தார். முன்னால் ரிவால்வர்தானாம். ஒவ்வொரு குண்டுக்கும் கையின் பலம்தான் உருளையைத் திருப்ப வேண்டும். அப்புறம் பெரிய மெஷின் கன் ஒன்றைக் கண்டுபிடித்தவன், சுட்டால் பின்னால் உதைக்கிறதே, அந்த உதையை வீணாக்குவானேன், அதையே வேலை வாங்கலாம் என்று யோசித்தான். அது பெரிய வண்டி சைஸ். அதைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சின்னதாக்க நாலு பேர் நாலு பக்கம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் முழங்கால் மாதிரி மடங்குகிற மூட்டு வைத்தான். நன்றாகச் சுடும், ஆனால் பின்பக்கம் துருத்திக்கொண்டு பார்க்கக் கண்றாவி. அடுத்தவன் அதையே கொஞ்சம் இளைக்க வைத்தான். இந்த மூன்று பேர் பெட்டியை முன்னால் தொங்கவிட்டார்கள். கடைசியில் அமெரிக்காக்காரன் ஒருத்தன் குண்டுப்பெட்டியைக் கைப்பிடிக்குள்ளேயே நுழைத்து, மேலே ஒரு மூடியை ஓடவிட்டான். இன்றைக்குப் போலீஸ்காரன் இடுப்பில் இருப்பதெல்லாம் அதன் பேரன் பேத்திதான்.

"இதெல்லாம் ஒரு பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குள்ள நடந்தது மச்சான். ஏன் அதுக்கு முன்னாடி முடியல தெரியுமா? பவுடர். பழைய கரிமருந்துல ஒரு தடவ சுட்டா உள்ள பூரா கரி அப்பிக்கும். பார்ட்ஸ் ஓடாது. சிக்கிக்கும். புகையில்லாத மருந்து வந்துச்சு. உள்ள சுத்தமா இருந்துச்சு. அப்பதான் இந்த மாதிரி மெஷினே சாத்தியமாச்சு."

"சரி" என்றேன். "அவன் கஷ்டப்பட்டுக் கரியை எடுத்தான். நீங்க சந்தனத்தை வெச்சீங்க."

மாப்பிள்ளை வாய் மூடியது. துப்பாக்கியின் வாய்தான் மூடவில்லை.

டாக்டர் வரும்போது மணி நாலேகால். பையைத் திறந்து சாமான்களை வரிசையாக டைனிங் டேபிளில் பரப்பினார். தங்கச்சி பழைய இட்லித் தட்டு ஒன்றைக் கொடுத்தாள். குழிக்கு ஒன்றாகப் பார்ட்ஸ் போடலாம். "நல்ல தட்டு இல்ல, ஈயம் போனது. இதுல எண்ணெய் பட்டா பரவாயில்ல" என்றாள்.

டாக்டர் கையுறை போட்டார். மாஸ்க் போட்டார்.

"மாஸ்க் எதுக்கு டாக்டர்?"

"பழக்கம் சார். பேஷன்ட்ட நாற்காலியில சாய்ங்க."

நான் குண்டுப்பெட்டியின் அடியில் இருந்த சின்னப் பொத்தானை அவருடைய புரோப் நுனியால் அமுக்கினேன். அடித்தகடு முன்னால் நகர்ந்து கழன்றது. ஸ்பிரிங் வந்தது. கூடவே பொரி, வெல்லத்தூள், கடலை. டாக்டர் கடலையை மட்டும் இடுக்கியால் எடுத்து ஒரு சாஸரில் போட்டார்.

"அஞ்சு."

பின்பக்கம், குண்டைத் தட்டுகிற சுத்தியலுக்குக் கீழே ஒரு கொக்கி. அதை மேலே தள்ளினேன். மேல்பாகம் பின்னால் வழுக்கி வரவேண்டும். கடலை மாவும் சந்தனமும் அரைபட்டுப் பூசியிருந்தது. வரவில்லை. டாக்டர் ஸ்கேலரால் இடுக்கில் சுரண்டினார். மஞ்சள் மஞ்சளாகப் பொடி விழுந்தது.

"காக்கா, இந்தப் பேஷன்ட் ரொம்ப நாளா பல்லிடுக்குல ஃபிளாஸ் பண்ணல."

"காலையில பத்தரைக்குத்தான் டாக்டர் சாப்பிட்டுச்சு."

"ஸ்வீட் சாப்பிட்டிருக்கு. அதான்."

பெண் ஒவ்வொரு பார்ட் கழற்றும்போதும் போனில் போட்டோ எடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். ஆனால் ஒன்றுகூட விடவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் டேபிளுக்குமாக நடந்தார். பக்கத்து வீட்டு வாசலில் கார் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

"பரவால்ல மச்சான்."

ஐந்து மணிக்கு மேல்பாகம் வந்தது. உள்ளே ஒரு சின்ன இரும்புத்துண்டு தானாகவே கழன்று விழுந்தது. அதுதான் சுடும்போது கட்டையைப் பூட்டிப் பிடிக்கிற துண்டு. மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான். இட்லித் தட்டின் நடுக்குழியில் போட்டேன்.

கடலை இன்னும் ஐந்து வந்தது. இரண்டு முழுசாக, மூன்று உடைந்து. டாக்டர் எண்ணினார்.

"மொத்தம் பத்து."

"பத்தா?" என்றாள் பெண். "அப்பா! ஃபுல் மேகஸின்!"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பு. ஜன்னலைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

வெந்நீரில் பஞ்சு நனைத்துத் துடைத்தோம். பெண் தலை காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காயவைத்தாள். அது பூஜையில் இல்லை. எண்ணெய்க்கு மாப்பிள்ளை தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்தார்.

"குளிர் வந்தா உறைஞ்சிடும்" என்றேன். "ஓக்லஹோமா."

டாக்டர் பையிலிருந்து ஒரு ஸ்பிரே எடுத்தார். பல் துளைக்கிற மெஷினுக்கு அடிக்கிற எண்ணெயாம். மெல்லிசு. நல்ல எண்ணெய். அந்த இரும்பு அதை வாங்கிக்கொண்டது.

ஐந்தே முக்காலுக்கு மாட்ட ஆரம்பித்தேன். மாட்டவில்லை. எல்லாம் சரியாக வைத்தேன், கடைசி அரை அங்குலம் போக மறுத்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. தட்டினால் போகும். ஆனால் தட்டிப் போடுகிற வேலை இல்லை அது. அம்பத்தூரில் மேஸ்திரி அதற்குத்தான் அறைவார்.

"கார் வந்துடுச்சு" என்றார் மாப்பிள்ளை.

யாரும் கிண்டல் பண்ணவில்லை.

"மாமா," என்றாள் பெண். போனைக் காட்டினாள். "லுக். தட் லிட்டில் பீஸ். யூ ஹாவ் இட் அப்ஸைட் டவுன்."

பார்த்தேன். அந்தப் பூட்டுத்துண்டு. தலைகீழ். திருப்பி வைத்தேன். மேல்பாகம் தானாக வழுக்கிக்கொண்டு போய்க் கொக்கியில் விழுந்தது. க்ளிக். சுத்தியல் ஏறியது, இறங்கியது. கட்டையை இழுத்து விட்டேன். போய் வந்தது. போய் வந்தது.

மாப்பிள்ளை என் தோளைப் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றைக்கு மூன்றாவது தடவை.

பெட்டியில் வைக்கத் தூக்கினேன். கைப்பிடிக்குள் ஏதோ சின்னதாக உருண்டது. மேல்பாகம் திறந்திருந்தபோது உள்ளே விழுந்திருக்க வேண்டும். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் கூடு மாதிரி இடம் இருக்கிறது. அந்த ஒரே ஸ்க்ரூவைக் கழற்றினால் எடுத்துவிடலாம். டாக்டர் பையில் அந்த அகலத்துக்கு எதுவும் இல்லை. என் டூல் பாக்ஸில் இருக்கிறது. பூவும் பொட்டுமாக.

தங்கச்சியைப் பார்த்தேன். அவள் டாக்டருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வேலை செய்வதற்கு அது ஒரு தடையும் இல்லை. நான் பெட்டியை மூடினேன்.

மாப்பிள்ளையும் நானும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா வாசலிலேயே நின்றார். மகன் உயரமான ஆள். தாடி. சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, தரையைப் பார்த்து வைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். போய் வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். அப்புறம்தான் முகம் கொஞ்சம் இளகியது.

அந்த அம்மா குனிந்து மோந்து பார்த்தார். "இதென்ன வாசனை?" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன். அப்புறம் சொல்லிவிட்டார். இன்று எங்களுக்கு ஆயுதங்களைக் கும்பிடுகிற நாள், இதையும் எங்கள் சாமான்களோடு வைத்துச் சந்தனமும் பூவும் வைத்தேன், அதனால் சிக்கிக்கொண்டது, இப்போது பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினோம், மன்னிக்க வேண்டும் என்றார். கடலையைச் சொல்லவில்லை. மனிதன் ஒரே நாளில் எவ்வளவுதான் ஒத்துக்கொள்வான்.

மகன் அம்மாவைப் பார்த்தார். நான் சொல்லவில்லையா என்கிற பார்வை. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும்.

அந்த அம்மா துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மகனிடம் சொன்னார். "உன் அப்பா இதைச் சாக்ஸுக்கு நடுவில் வைத்திருந்தார். உன் தாத்தா அழுக்குத்துணிப் பையில் வைத்திருந்தார். இதற்குப் பூ வைத்தது இந்த மனிதர்தான்." மகனின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என் கையைத் திருப்பிப் பார்த்து, "மெஷினிஸ்ட்?" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை மறுபடி பேச ஆரம்பித்தார். டாக்டர் இரண்டு டீ குடித்தார். சாஸரில் இருந்த கடலையைத் தங்கச்சி குப்பையில் போடவில்லை. பிரசாதமாம். ஒரு காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதே ஐந்து பேர். மாப்பிள்ளையின் போன் அடித்தது. ஓக்லஹோமா. ஸ்பீக்கரில் போட்டார்.

மகன்தான். துப்பாக்கிக் கைப்பிடியில் ஏதோ உருண்டதாம். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தாராம். ஒரு விதை மாதிரி இருக்கிறது, மஞ்சளாக, வறுத்த வாசனை, இது என்ன என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

"மச்சான், உங்களுக்குத் தெரியுமா?" என்று மாப்பிள்ளை வாயசைத்தார்.

"ஸ்க்ரூ டிரைவர் பூஜையில இருந்துச்சு" என்றேன்.

தங்கச்சி மோர் ஊற்றப் போய்விட்டாள்.

வேறு வழியில்லை. மாப்பிள்ளை கடலைக் கதையையும் சொன்னார். பொரி, வெல்லம், திறந்த வாய், பல் டாக்டர், எல்லாம். அப்புறம் அந்த ஆள் சிரித்தார். அவர் சிரிப்பதை நான் அப்போதுதான் கேட்டேன். பெரிய சிரிப்பு. அம்மாவிடம் இப்போதே சொல்கிறேன் என்றார். அடுத்த தடவை வரும்போது மாப்பிள்ளையும் கூட வந்து அதைச் சுட வேண்டும் என்றார். அந்த விதையைத் தின்னலாமா என்று கேட்டார். தின்னலாம் என்றார் மாப்பிள்ளை. பத்து குண்டு பிடிக்கிற துப்பாக்கியில் மொத்தம் எத்தனை விதை இருந்தது என்றும் அந்த ஆள் கேட்டார்.

பெண் விரலை மடக்கி எண்ணினாள்.

பதினொன்று.